ஏழாம் லயத்தின் கீழே ஒரு லத்தீன் சொல்

போன புதன்கிழமை இரத்தினபுரியில் ஓர் இளம் மருத்துவர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சின் இடப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். தகடு சில்லென்றிருந்தது. அவர் உடனே எடுக்கவில்லை. கண்களை மூடி, தொலைவில் எதையோ கேட்பவர்போலத் தலையைச் சற்றுச் சாய்த்தார். அந்தச் சாய்வைப் பார்த்ததும் என் கையில் மயிர் எழுந்து நின்றது. நீங்களும் அப்படித்தான் சாய்ப்பீர்கள். ஆனால் உங்கள் ஸ்டெதஸ்கோப் அப்போது யாருடைய நெஞ்சிலும் இருக்காது. சிமெந்துத் தரையில் இருக்கும்.

"வழமையா ரெண்டு சத்தம்தான் கேக்கணும். உங்களுக்கு மூணாவதா ஒண்ணும் கேக்குது" என்றார் மருத்துவர்.

பதினைந்து ஆண்டுகளாகவோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ உங்களுக்கு எழுதாமல் வைத்திருந்த கடிதத்தை அன்று மாலையே தொடங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கலவான பாதையில், பாதி இறப்பரும் பாதி தேயிலையுமாக இருந்த அந்தத் தோட்டத்தில் நீங்கள் டிஸ்பென்சர். இரண்டு அறை மருந்துக் காம்பரா, ஒரு கட்டில், வாசலில் ஆட்கள் காத்திருக்கும் வாங்கு. பழைய வெள்ளைக்காரத் தொரை ஒருவர் விட்டுப்போன தடித்த ஆங்கில அகராதி மருந்து அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. காய்ச்சல் மருந்துக் கலவைகளுக்குப் பக்கத்திலேயே அது இருந்ததால் அதன் அட்டையும் மருந்து வாசம் வீசும். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆட்கள் இல்லாத வேளைகளில் நீங்கள் அந்தப் பொடி எழுத்தை மட்டும்தான் வாசிப்பீர்கள்.

மருந்துத் துண்டில் 'மூன்று வேளை' என்பதை லத்தீனின் மூன்று எழுத்தாகச் சுருக்கி எழுதுவீர்கள். இறப்பர் மரத்தில் பால் வெட்டும் லெட்சுமி ஒருமுறை அந்தத் துண்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "லத்தீன்ல எழுதுனா காய்ச்சல் வெரசா எறங்குமாங்கய்யா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா?

"எறங்காது. ஆனா மருந்துக்கு ஒரு மரியாதை வரும்" என்றீர்கள்.

"அப்ப எம் புருசனுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்தாளுக்கும் கொஞ்சம் மரியாதை வரட்டும்."

அந்த லெட்சுமிதான் சத்தத்தை முதலில் சொன்னவள். தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏழாம் லயத்தின் தொங்கல் காம்பரா, ஓடைப் பக்கத்துக் கடைசி அறை, அவளுடையது. தூக்கம் வர மாத்திரை கேட்டு வந்தாள். ஏன் தூக்கம் இல்லை என்று கேட்டபோது, அடுப்படித் தரைக்குக் கீழே யாரோ தட்டுகிறார்கள் என்றாள். மறுநாள் பக்கத்து அறைக்காரி வந்தாள். அதற்கு அடுத்த நாள் மூன்றாவது அறைக்காரி. மூன்று பேருக்கும் மாத்திரை கொடுக்காமல், நீங்கள் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தீர்கள்.

உங்கள் அழைப்பின்பேரில், பத்திரிகை நிருபராக, நான் வந்தது அதற்குப் பின்தான். லெட்சுமியின் அடுப்படியில் மண்டியிட்டு, காதுக் குழாய்களை எனக்கு மாட்டிவிட்டீர்கள். பகல் பதினொரு மணி. வெளியே வெயில். முதலில் என் இரத்தம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மிக ஆழத்தில், ஒரு தட்டு. இன்னொன்று. நீண்ட இடைவெளி. எதையோ இழுப்பதுபோல் ஓர் உரசல். ஒருவர் தன் வீட்டில் தன் வேலையைப் பார்ப்பதுபோல, அவசரமே இல்லாத சத்தம். அந்த அவசரமின்மைதான் என்னைப் பயமுறுத்தியது.

"இது தோண்டுற சத்தம் நிருபரே" என்றீர்கள். "தோண்டுறவன் ஒழுங்கா தட்ட மாட்டான். தட்டுவான், நிப்பான், மூச்சு வாங்குவான். எண்ணித் தட்டுனா அது தோண்டுறது இல்ல, கூப்பிடுறது."

ஓடைக்கு அந்தப் பக்கம் மாணிக்கக் குழிகள் இருந்தன. குழிக்குள் இறங்கி, மாணிக்கம் கிடக்கும் சரளைப் படுகையைத் தேடிப் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டிக்கொண்டே போவார்கள். அப்படி ஒரு சுரங்கம் அனுமதியில்லாமல் ஓடைக்கு அடியால் லயத்தின் கீழே வந்துவிட்டது என்பது உங்கள் கணிப்பு. குழிகளில் காலமெல்லாம் வேலை செய்த குணபால என்ற முதியவரின் காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டபோது அவரிடம் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தீர்கள். கல் எடுத்தபின் முட்டுக் கட்டைகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். அதன்பின் மேலே இருக்கும் மண் எத்தனை நாள் நிற்கும் என்பது மண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாம்.

மருந்துக் காம்பராவுக்குத் திரும்பியதும் தோட்ட நிர்வாகியான தொரைக்கு நீங்கள் எழுதிய ஆங்கிலக் கடிதத்தின் பிரதியைக் காட்டினீர்கள். லயத்தின் கீழ் கேட்கும் சத்தங்கள் 'ஃபொஸோரியல்' தன்மை உடையவை என்று அதில் இருந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. உங்கள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போனது.

"வயித்துல வலது பக்கம் கீழ வலின்னு வர்றவங்கள பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறப்ப, துண்டுல 'ஃபொஸா'ன்னு எழுதுவேன். குழின்னு அர்த்தம். எலும்புல இருக்கிற குழி. அதுலயிருந்துதான் புடிச்சேன்."

அகராதியை இறக்கிப் பொடி எழுத்தில் விரலை ஓட்டினீர்கள். 'ஃபொதெரே' என்றால் லத்தீனில் தோண்டு. தோண்டிய இடம் 'ஃபொஸா'. தோண்டுபவன் 'ஃபொஸோர்'. தோண்டி எடுக்கப்பட்டது என்பதால்தான் கல்லாகிப்போன எலும்புக்கும் ஃபொசில் என்று பெயர். இவற்றின் வழியில் வந்த உரிச்சொல் ஃபொஸோரியல்: தோண்டுவதற்கென்றே அமைந்த, மண்ணுக்குள் வாழப் பழகிய. பிறகு அகராதியை மூடிவிட்டு, வேறெங்கோ வாசித்ததைச் சொன்னீர்கள். பழைய ரோமாபுரியில் மண்ணுக்கு அடியில் தெருத்தெருவாகக் கல்லறை வெட்டியவர்களுக்கும் ஃபொஸோர் என்றுதான் பெயராம். அவர்கள் தங்கள் உருவத்தையும் அந்தச் சுவர்களில் வரைந்துவைத்தார்களாம். ஒரு கையில் மண்வெட்டும் கருவி, மறுகையில் விளக்கு.

"தோண்டுற மிருகங்களுக்குத்தானே இந்தச் சொல்லு போடுறாங்க? சாதாரணமா எழுதியிருக்கலாமே" என்றேன்.

"சாதாரணமா எழுதுனா தொரை வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாரு. தெரியாத சொல்லுன்னா ஒரு நிமிசமாவது நிப்பாரு."

அவர் நின்றார்தான். கடிதம் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு இருந்தது. ஓரத்தில், 'எலி என்றால் மருந்து வைக்கவும்.'

அடுத்து நான் எழுத வேண்டியதாயிற்று. என்ன எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் தெரியட்டும். குழிக்காரர்களின் பின்னால் யார் இருந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். கையில் சான்று இல்லை. அதனால் லயத்து ஆட்கள் சொன்னதை எழுதினேன். முனிதான் கோபத்தில் தரைக்குக் கீழே நடமாடுவதாக அவர்கள் நம்பினார்கள். 'லயத்தின் கீழே முனியின் நடமாட்டம்?' என்று தலைப்பு. நான்கு பத்தி, ஒரு படம். அந்தக் கிழமை அதிகம் பேசப்பட்ட செய்தி அதுதான்.

நீங்கள் பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தீர்கள். "முனி கேஸ் போட மாட்டாருன்னுதானே எழுதுனீங்க?"

"கேள்விக்குறி போட்டிருக்கேனே."

"அந்தக் கேள்விக்குறி யார் கண்ணுக்குத் தெரியும், நிருபரே?"

உங்கள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு ரோசம் வந்தது. சான்று கொடுங்கள், எழுதுகிறேன் என்றேன். எத்தனை மணிக்கு, தரையில் எந்த இடத்தில், என்ன மாதிரிச் சத்தம் என்று இரண்டு கிழமைக்குத் தினமும் குறித்து வையுங்கள். அதைக் கொண்டுபோய் ஒரு பொறியியலாளரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன் என்றேன். எல்லாச் செய்தியாளரும் சொல்லும் நியாயமான பேச்சுத்தான். சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் 'நிருபருக்கு' என்று எழுதினீர்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த முனிச் செய்தியால் ஒரு நன்மை நடந்தது. பத்திரிகையிலேயே வந்துவிட்டது என்று பயந்து, ஓடைப் பக்கத்து மூன்று குடும்பங்களும் சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குக் குடிபோயின. உங்கள் கடிதம் செய்யாததை என் பொய் செய்தது. காலியான அந்த அறைகளில் பிற்பகலில் நீங்கள் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். வேண்டிய நேரத்தில் அது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமை முடிந்த வியாழக்கிழமை நோட்டை வாங்க வந்தேன். மழை. பஸ் தாமதமாகித் தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது ஐந்தரை மணி இருக்கும். மேலே ஏறி வரும்போதே உடுக்குச் சத்தம் கேட்டது.

ஏழாம் லயத்தின் கடைசி மூன்று அறைகள் இருந்த இடத்தில் சிவந்த சேற்றுப் பள்ளம். கூரைத் தகரங்கள் அதற்குள் செருகி நின்றன. மூன்று மணிவாக்கில் உள்வாங்கியதாம். பெட்டி படுக்கையாவது கிடைக்கட்டும் என்று ஆண்கள் மண்ணை வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து மணிக்குக் கீழேயிருந்து தட்டல் கேட்டதும் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஏறிவிட்டார்கள். பூசாரி பள்ளத்தின் விளிம்பில் கற்பூரம் கொளுத்தி உடுக்கை அடித்துக்கொண்டிருந்தார்.

அவர் நிறுத்திய இடைவெளியில் எனக்கும் கேட்டது. தட், தட், தட். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மூன்று.

"மூணு சேவல் கேக்குறாரு" என்றார் பூசாரி.

"உள்ள யாராச்சும் மாட்டியிருந்தா?" என்றேன்.

கணக்கப்புள்ள என் பக்கம் திரும்பினார். "ஆள் எல்லாம் சரிங்கய்யா. வேணும்னா நீங்களே பாருங்க." பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் கூப்பிடும் அதே செக்ரோலை விரித்து, குடைக்குள் நின்று பெயர் பெயராக வாசித்தார். வாசிக்க வாசிக்க மழைக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருக்கேங்க." "இருக்கேங்க." "புள்ளைக்குப் பால் குடுக்கிறாங்க, இருக்காங்க." ஒருவரும் விடுபடவில்லை. நான் என் குறிப்பில் எழுதினேன்: பெயர் அழைக்கப்பட்டது, அனைவரும் உள்ளனர்.

செக்ரோல் தொழிலாளர்களின் பட்டியல்; உத்தியோகத்தர்களின் பெயர் அதில் இருக்காது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கும் தெரியும். அன்று அங்கே நின்ற ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"டிஸ்பென்சர் எங்க?" என்று கேட்டேன். அதுவரை என் யோசனை வந்தது.

"கலவானைக்கு மருந்து எடுக்கப் போயிட்டாரு. வியாழக்கெழமல்ல? கதவுல பலகை தொங்குது." ஆம், வியாழக்கிழமைகளில் நீங்கள் மாட்டிவிட்டுப் போகும் பலகை தொங்கியது. நீங்கள் அரைமணி நேரம் கேட்டுவிட்டு மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள்.

குணபால ஓடையைக் கடந்து வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, இரண்டு முறை கேட்டார். நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். "மே மினிஹெக், மஹத்தயா." இது ஒரு மனிதன்.

லெட்சுமிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒங்க ஆளுங்கதானே எங்க காம்பராவுக்கு அடியில பூந்தது? மனுசன்னா வந்த வழியாப் போகச் சொல்லு!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானேய்யா பேப்பர்ல முனின்னு எழுதுனீங்க? இப்ப மனுசனா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூன்று மூன்றாக எண்ணியிருந்தேன். எண்ணித் தட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தீர்கள். ஆனால் எழுதியதை நானே அவர்கள் முன்னால் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மண் இன்னும் சரியலாம், இருட்டுகிறது என்று காரணங்களும் இருந்தன. "காலையில மெஷின் வரட்டும். அதுவரைக்கும் யாரும் எறங்க வேணாம்" என்று உரக்கச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, கைகளை வாயருகே குவித்துக்கொண்டு சொன்னேன்.

குணபால சுரங்கவாய்ப் பக்கமாக இறங்கிப் போனார். ஓடைத் தண்ணீர் அதை மூடியிருந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

எனக்குப் பழக்கம் ஒன்று உண்டு. செய்திக்கு உயிர் கொடுக்க, கண்ணில் பட்ட சிறு பொருள் ஒன்றைக் குறித்துக்கொள்வேன். அன்றைய குறிப்பின் கடைசி வரி இது: 'நான்காம் காம்பராவின் வாசல் இஸ்தோப்பில், ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது.' அந்த மழையில் கலவானைக்குப் போகிற எந்த மனிதன் குடையை விட்டுவிட்டுப் போவான்?

விடிந்து தண்ணீர் வடிந்ததும் குணபால சுரங்கத்தின் வழியாக ஊர்ந்து போய், மத்தியானத்துக்கு முன் உங்களைத் தொட்டார். உடம்பு குளிர்ந்து போயிருந்தது. கால் ஒரு கட்டையின் கீழே இருந்தது. ஒரு கையில் தொண்டை பார்க்கும் சின்ன டோர்ச். மறுகையில் பேனை.

நோட்டை அவர் பொலிசிடம் கொடுக்கவில்லை. எழுத்து புரியாததால் என்னிடம் கொண்டுவந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொன்னார். ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து, வரிவரியாக, அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். முதல் பன்னிரண்டு பக்கங்கள் நான் கேட்டபடி: நேரம், இடம், சத்தம். பதின்மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து மாறியிருந்தது.

'3.05. தரை இறங்கியது. கால் மாட்டியுள்ளது. காற்று வருகிறது.

3.50. தோண்டும் சத்தம். இந்த முறை மேலிருந்து.

4.30. மூன்று மூன்றாகத் தட்டுகிறேன்.

5.05. மேலே நின்றுவிட்டது.

5.25. உடுக்கு.

6.10. நிருபர் வந்துவிட்டார். குரல் கேட்கிறது. இனி நான் எழுத வேண்டியதில்லை.'

குணபால நோட்டை மூடி என் மடியில் வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

என் குரல் மட்டும் உங்களுக்குக் கேட்டதா, நான் சொன்னதும் கேட்டதா? பலமுறை அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

பொறியியலாளரிடம் உங்கள் நோட்டைக் காட்டினேன். சுரங்கம் போன வழியை நீங்கள் குறித்த இடங்களை வைத்தே கோடு போட்டார். ஓர் அடிகூடப் பிசகவில்லை. பெயர்களோடும் கேள்விக்குறி இல்லாமலும் எழுதினேன். என் பழைய முனிச் செய்தியின் தவறையும் அதில் எழுதினேன். ஆசிரியர் அந்தப் பத்தியை வெட்டிவிட்டார். வழக்கு வந்தது, இழுத்தது. ஏழாம் லயம் முழுதும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. லெட்சுமி இப்போதும் என்னோடு பேசுவாள். உங்கள் குடையை அவள்தான் வைத்திருக்கிறாள். மழைக்கு விரிப்பதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மண்சரிவுகள், வெள்ளங்கள், ஆட்கள் காணாமல்போன இடங்கள். எங்கே போனாலும் எல்லாரும் சரி என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பேன்: இந்தப் பட்டியலில் பெயர் இருக்க வழியே இல்லாதவர் யார்? தலையைச் சொறிவார்கள். பிறகு ஒருவர், "அந்த ரொட்டிக்காரர்..." என்று இழுப்பார். இரண்டு முறை அந்த இழுப்பிலிருந்து ஆள் உயிரோடு கிடைத்திருக்கிறார். செய்தியில் அதை எழுதியதில்லை.

மருத்துவர் என் இதயம் களைத்துப்போயிருக்கிறது என்றார். மூன்றாவது சத்தத்துக்கு அதுதான் காரணமாம். துண்டில் மருந்தின் பெயருக்கு எதிரே உங்களுடைய அதே மூன்று எழுத்துகள். அவற்றுக்கு விரிவு தெரியுமா என்று கேட்டேன். "மூணு வேளைன்னு அர்த்தம், அங்கிள்" என்றார். அந்தப் பொடி எழுத்தை அவர் வாசித்ததில்லை.

இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் தலையணை வழியாக இப்போது எனக்கே கேட்கிறது. மூன்று. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. எண்ணித் தட்டினால் அது கூப்பிடுவது என்றீர்கள். எழுந்து உட்கார்ந்து, மழைக்குள் கணக்கப்புள்ள நின்றதுபோல, எனக்குத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். அந்தச் செக்ரோலில் இல்லாத பெயரைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். கூப்பிட்டுவிட்டு, பதிலுக்காக நிற்கிறேன்.